உங்கள் ஊர் ஏரியைப் பழைய சட்டசபைப் பதிவுகளில் தேடுவது எப்படி?

ஊர் ஏரியின் வரலாற்றை எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறார்கள். பெரியவர்களிடம் கேட்டாயிற்று. கோயில் கல்வெட்டில் ஏரியின் பழைய பெயரைப் பார்த்தாயிற்று. அரசு வெளியிட்ட மாவட்ட விவர நூலான கெஸட்டியரில் இரண்டு வரி இருந்தது. அதற்கப்புறம் ஒன்றும் கிடைப்பதில்லை. மதகை யார் மாற்றிக் கட்டினார்கள், வரத்துக் கால்வாய் எப்போது தூர்ந்தது, பக்கத்து ஊருக்குக் குழாய்த் தண்ணீர் வந்தபோது நம் ஊருக்கு ஏன் வரவில்லை என்றெல்லாம் கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை.

அந்தப் பதில்களில் ஒரு பங்கு சென்னை மாகாணத்தின் பழைய சட்டசபை நடவடிக்கைக் குறிப்புகளில் அச்சாகி இருக்கிறது. அன்றைக்கு அதன் பெயர் லெஜிஸ்லேட்டிவ் கவுன்சில். தமிழில் சட்டசபை என்றும் சட்ட நிரூபண சபை என்றும் எழுதினார்கள். இந்தத் தொகுதிகளைப் பெரும்பாலும் கட்சி அரசியல் வரலாற்றுக்காகத்தான் புரட்டுகிறார்கள்: நீதிக்கட்சி, சுயராஜ்யக் கட்சி, வகுப்புவாரி உரிமை. அதே பக்கங்களில் உடைந்த மதகும் தூர்ந்த வாய்க்காலும் வற்றிய கிணறும் இருக்கின்றன. அவற்றைத் தேடிப் புதிதாக வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எடுத்த எடுப்பில் ஊர்ப் பெயரைத் தேடாதீர்கள். நான் அப்படித்தான் ஆரம்பித்தேன். என் அம்மாவின் ஊர்க் கண்மாயைத் தேடி ஒரு வாரம் பொதுப்பணித் துறைக் கேள்விகளையே புரட்டிக்கொண்டிருந்தேன். ஒன்றும் அகப்படவில்லை. அந்த ஊர் ஜமீனைச் சேர்ந்தது, கண்மாய் அரசாங்கத்தின் கையில் இருக்கவே இல்லை என்பது பிறகுதான் உறைத்தது. நீங்கள் தேடும் ஆண்டில் சபைக்கு என்ன அதிகாரம் இருந்தது, அந்தத் தண்ணீர் யார் பொறுப்பில் இருந்தது என்ற இரண்டையும் முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

முதல் படி: ஆண்டைப் பாருங்கள்

சட்டசபை என்று ஒரே பெயரில் சொன்னாலும் அது நான்கு விதமான சபைகளாக இருந்திருக்கிறது.

1861ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த முதல் சபை, சட்டம் இயற்றுவதற்கு மட்டுமே கூடியது. கவர்னரின் நிர்வாகக் குழுவோடு சில நியமன உறுப்பினர்கள் சேர்ந்து உட்கார்ந்தார்கள். கேள்வி கேட்க முடியாது, பட்ஜெட்டைப் பேச முடியாது. ஆகவே இந்தக் காலத்தில் உங்கள் ஏரியின் பெயர் கிடைக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். தண்ணீரைத் தொட்ட சட்டங்கள் கிடைக்கும். முக்கியமானது 1865ஆம் ஆண்டின் 7ஆவது சட்டம். அரசுப் பாசனத் தண்ணீருக்குத் தனி வரி விதிக்கும் அதிகாரம் இதில்தான் வந்தது. தண்ணீர்த் தீர்வை பற்றிப் பின்னால் வரும் சண்டைகளில் பாதி இந்தச் சட்டத்தின் சொற்களைப் பிடித்துக்கொண்டு நடந்தவை. அதைப் படிக்காமல் மேலே போகாதீர்கள்.

முல்லைப் பெரியாறு அணையைத் தேடி வருகிறவர்கள் இங்கேதான் ஏமாந்துபோகிறார்கள். திருவிதாங்கூரோடு 999 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் 1886 அக்டோபரில் ஆனது. பென்னிகுவிக் 1887இல் வேலையைத் தொடங்கினார், 1895இல் அணை திறக்கப்பட்டது. ஒப்பந்தம் போட்டபோதும் வேலை தொடங்கியபோதும் அதைப் பற்றிச் சபையில் கேள்வி எழுப்ப யாருக்கும் உரிமை இல்லை. அந்தக் கதைக்குப் பொதுப்பணித் துறையின் நடவடிக்கைக் கோப்புகளுக்குத்தான் போக வேண்டும்.

1892ஆம் ஆண்டுச் சட்டம் இரண்டு கதவுகளைத் திறந்தது. உறுப்பினர்கள் கேள்வி கேட்கலாம். பட்ஜெட்டைப் பற்றிப் பேசலாம், ஆனால் ஓட்டு கிடையாது. துணைக் கேள்வியும் கிடையாது. அரசாங்கம் ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டால் விஷயம் அங்கேயே முடிந்தது. 1909இல் மிண்டோ-மார்லி சீர்திருத்தம் வந்தபின், கேள்வி கேட்டவரே துணைக் கேள்வியும் கேட்கலாம், பொது விஷயங்களில் தீர்மானம் கொண்டுவரலாம் என்று ஆயிற்று. ஊர் அளவிலான தண்ணீர் விஷயங்கள் கண்ணில் படத் தொடங்குவது இந்தக் காலத்தில்தான்.

1921 ஜனவரி முதல் 1937 வரை இருந்த சபைதான் நமக்குப் புதையல். தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் மட்டும் 98 பேர். ஒவ்வோர் இலாகாவும் செலவுக்குப் பணம் கேட்டு வைக்கும் மானியக் கோரிக்கைகளுக்கு ஓட்டு உண்டு. கேள்விகள் நூற்றுக்கணக்கில் குவிகின்றன. புதிதாக வருகிறவர்கள் இங்கிருந்தே தொடங்குவது நல்லது.

1937க்குப் பிறகு ஒரு குழப்பம் வரும். 215 பேர் கொண்ட கீழ்ச்சபையாக அசெம்பிளி வந்துவிட்டது, கவுன்சில் என்ற பெயர் மேல்சபைக்குப் போய்விட்டது. 1936இன் கவுன்சிலும் 1938இன் கவுன்சிலும் ஒன்றல்ல. இரண்டு சபைகளுக்கும் தனித்தனித் தொகுதிகள் உண்டு, இரண்டையும் பார்க்க வேண்டும். 1939 அக்டோபர் இறுதியில் ராஜாஜி அமைச்சரவை பதவி விலகியது. அதிலிருந்து 1946 வரை கவர்னர் ஆட்சி, சபை கூடவே இல்லை. பூண்டி நீர்த்தேக்கம் கட்டப்பட்டு 1944இல் திறக்கப்பட்டது இந்த இடைவெளியில்தான். அந்த ஆண்டுகளில் விவாதம் ஏதும் கிடைக்கவில்லை என்றால் உங்கள் தேடலில் தவறு இல்லை.

இரண்டாம் படி: தண்ணீர் யாருடையது?

இன்றைய மாவட்ட வரைபடத்தை மூடி வைத்துவிட்டுத் தொடங்குங்கள். கன்னியாகுமரி மாவட்டம் அன்றைக்குத் திருவிதாங்கூரில் இருந்தது. பேச்சிப்பாறை அணையைச் சென்னைச் சபைப் பதிவுகளில் தேடிப் பயனில்லை. திருவிதாங்கூருக்கு 1888 முதல் தனி சட்டசபையும், 1904 முதல் ஸ்ரீமூலம் பிரஜா சபையும் இருந்தன. புதுக்கோட்டை தனி சமஸ்தானம். காரைக்கால் பிரெஞ்சுக்காரர்களிடம் இருந்தது. ராமநாதபுரம் மாவட்டமே 1910இல்தான் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரிந்தது. 1905ஆம் ஆண்டில் விருதுநகர்ப் பக்கத்துக் கண்மாயைத் தேடினால் அது ராமநாதபுரம் என்ற தலைப்பில் இருக்காது.

அடுத்து, ஊர் ரயத்துவாரியா (குடிகள் நேராக அரசுக்கே தீர்வை கட்டுவது), ஜமீனா (ஜமீன்தார் வழியாகக் கட்டுவது), இனாமா (வரி இல்லாமலோ குறைத்தோ மானியமாக விட்டது) என்று தெரிந்துகொள்ளுங்கள். ரயத்துவாரி ஊர் என்றால் ஏரி அரசாங்கத்துடையது. பெரிய ஏரிகளைப் பொதுப்பணித் துறை பார்த்தது, சிறியவற்றை ரெவின்யூ இலாகா பார்த்தது. ஜமீன் ஊர் என்றால் மராமத்து ஜமீன்தார் பொறுப்பு. அவர் செய்யாமல் விட்டால் குடிகள் என்ன செய்யலாம் என்பது 1908ஆம் ஆண்டு எஸ்டேட் நிலச் சட்டத்தில் இருக்கிறது. சிவகங்கை, ராமநாதபுரம், எட்டயபுரம் பக்கத்துக்காரர்கள் இந்தச் சட்டத்தின் மீது நடந்த விவாதங்களையும் அதன் திருத்தங்களையும்தான் முதலில் படிக்க வேண்டும். என் ஒரு வார உழைப்பு வீணானது இது தெரியாததால்.

குடிதண்ணீர் என்றால் வேறு பாதை. சென்னை நகரத்துக்கு மாநகராட்சி. மற்ற நகரங்களுக்கு 1920ஆம் ஆண்டு மாவட்ட நகராட்சிச் சட்டப்படி அமைந்த நகராட்சிகள். கிராமத்துக் கிணறுகளுக்கு ஜில்லா போர்டும் தாலுகா போர்டும். இவற்றுக்கெல்லாம் அரசு மட்டத்தில் பொறுப்பு ஸ்தல சுயாட்சி, அதாவது உள்ளாட்சி, இலாகா. கோவைக்கு சிறுவாணித் தண்ணீர் வந்த கதையை எடுத்துக்கொள்ளுங்கள். நகராட்சித் தலைவர் சி. எஸ். ரத்தினசபாபதி முதலியாரின் பெயரோடு அது சேர்ந்தே பேசப்படும். பாசனத் தலைப்பில் அதைத் தேடினால் அகப்படாது. நகராட்சிக்குக் கொடுத்த கடன், மானியம் என்ற தலைப்புகளில் தேட வேண்டும்.

இன்னொரு பாதையைப் பலரும் கவனிப்பதில்லை. சேரிகளில் தோண்டிய கிணறுகள் குடிநீர்த் தலைப்பிலும் இருக்காது, பாசனத் தலைப்பிலும் இருக்காது. லேபர் கமிஷனர் என்ற அதிகாரியின் கீழ் இருந்த தொழிலாளர் இலாகாதான் ஆதிதிராவிடர்களுக்கு வீட்டுமனை, பள்ளி, கிணறு ஆகிய வேலைகளைச் செய்தது. அந்த இலாகாவின் மானியக் கோரிக்கையைப் பாருங்கள். தேடும் சொல்லும் முக்கியம். எம். சி. ராஜா கொண்டுவந்த தீர்மானத்துக்குப் பிறகு 1922 முதல் அரசு ஆவணங்களில் 'ஆதிதிராவிடர்' வந்தது. அதற்கு முந்தைய பக்கங்களில் 'பஞ்சமர்' என்றும், இன்று நாம் எழுத விரும்பாத பழைய சாதிப் பெயர்களாலும்தான் அட்டவணை போட்டிருப்பார்கள். அந்தச் சொற்களிலும் தேடித்தான் ஆக வேண்டும்.

மூன்றாம் படி: தொகுதியைக் கையில் எடுப்பது

எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் தொகுதிகளும் அவற்றோடு சேர்ந்த கோப்புகளும் இருக்கின்றன. கோப்புகளைப் பார்க்க அனுமதி வாங்க வேண்டும். யார், எதற்காக, எந்த ஆண்டுகளைப் பார்க்க வேண்டும் என்று தெளிவாக ஒரு கடிதம் எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். பக்கத்திலேயே கன்னிமாரா நூலகம். இணையத்திலும் ஸ்கேன் செய்த தொகுதிகள் பல கிடைக்கின்றன.

தொகுதி கிடைத்ததும் பின்பக்க அகராதியைத் திறங்கள். பொருள் வாரியாகவும் உறுப்பினர் வாரியாகவும் பக்க எண்கள் இருக்கும். பொருள் அகராதியில் ஊர்ப் பெயர் கிடைத்தால் அதிர்ஷ்டம். பெரும்பாலும் கிடைக்காது. அப்போது உறுப்பினர் வழியாகப் போங்கள். உங்கள் மாவட்டத்திலிருந்து வந்த உறுப்பினர்கள் யார் என்று ஒரு சின்னப் பட்டியல் போட்டு, ஒவ்வொருவரும் கேட்ட கேள்விகளை வரிசையாகப் பாருங்கள். ஓர் உறுப்பினர் ஐந்து ஆண்டுகள் ஒரே வாய்க்காலைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்பது உண்டு. அந்த மாதிரி ஆளைக் கண்டுபிடித்துவிட்டால் அவர் கையைப் பிடித்துக்கொண்டே போகலாம்.

எழுத்துக்கூட்டல் தொல்லை கொடுக்கும். பதிவுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. சரளமாக ஆங்கிலம் வராத உறுப்பினர் தமிழிலோ தெலுங்கிலோ பேச விதி இடம் கொடுத்தது, ஆனாலும் சபை நடப்பு ஆங்கிலம். தஞ்சாவூர் 'டாஞ்ஜோர்' ஆகவும், திருச்சி 'ட்ரிச்சினாபோலி' ஆகவும், செங்கல்பட்டு 'சிங்கிள்புட்' ஆகவும் இருக்கும். சின்ன ஊர்களுக்கு ஒழுங்கே கிடையாது. 'குளம்' என்று முடியும் ஊர் 'கொலம்', 'கூலம்' என்றெல்லாம் வரும். 'ழ' எங்கே எப்படி மாறும் என்று சொல்ல முடியாது. உங்கள் ஊர்ப் பெயரை ஓர் ஆங்கிலேயர் காதால் கேட்டு எப்படியெல்லாம் எழுதியிருப்பார் என்று பத்து விதமாக எழுதிவைத்துக்கொண்டு தேடுங்கள்.

ஓர் ஆறுதல் உண்டு. தண்ணீர் வேலையின் சொற்கள் பலவும் நம்முடையவைதாம். அணைக்கட்டு, கலிங்கு (ஏரியின் உபரி நீர் வழியும் இடம்), ஆயக்கட்டு (ஏரி பாயும் நிலம்), மராமத்து, குடிமராமத்து, நஞ்சை, புஞ்சை, மாமூல் எல்லாம் ஆங்கில எழுத்தில் கொஞ்சம் உருமாறி அப்படியே உட்கார்ந்திருக்கும். 'கலிங்குலா' என்று வாய்விட்டுப் படித்தால் நம் கலிங்கு வந்து நிற்கும்.

நான்காம் படி: கேள்வியையும் பதிலையும் படிப்பது

கேள்விகள் ஒரே அச்சில் வார்த்தவை மாதிரி இருக்கும். இன்ன தாலுகா, இன்ன ஊர் ஏரியின் மதகு பழுதாகி இருப்பது அரசுக்குத் தெரியுமா? குடிகள் மனு கொடுத்தார்களா? எஸ்டிமேட் போட்டாயிற்றா? எப்போது வேலை நடக்கும்? இப்படி அ, ஆ, இ என்று உட்பிரிவுகள். இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கேள்வியில் உள்ள விவரம் ஊர்க்காரர்கள் உறுப்பினரிடம் சொன்னது. எத்தனை ஏக்கர் காய்ந்தது, எந்த ஆண்டு உடைந்தது, யாரிடம் மனு கொடுத்தார்கள் என்பதெல்லாம் அதில் இருக்கும். பதிலில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் கேள்வியை முழுதாகக் குறித்துக்கொள்ளுங்கள். நம் ஊர் வரலாற்றுக்குக் கேள்விதான் பொக்கிஷம்.

பதில்களைப் படிக்கப் பழக வேண்டும். 'அரசிடம் தகவல் இல்லை' என்றால் மாவட்ட அதிகாரியிடம் விவரம் கேட்கப்படவில்லை என்று எடுத்துக்கொண்டு, அடுத்த கூட்டத்தில் அதே கேள்வி திரும்ப வருகிறதா என்று பாருங்கள். 'பரிசீலனையில் இருக்கிறது' என்றால் எங்கோ ஒரு கோப்பு ஓடுகிறது, அதை ஆவணக் காப்பகத்தில் தேடலாம். 'நிதி நிலைமை அனுமதிக்கும்போது' என்றால் எஸ்டிமேட் தயார், பணம் ஒதுக்கவில்லை. அந்த எஸ்டிமேட்டில் ஏரியின் அளவுகள் எல்லாம் இருக்கும். 'மேசையில் வைக்கப்பட்ட அறிக்கையைப் பார்க்கவும்' என்று இருந்தால் உடனே தொகுதியின் பின்னிணைப்புக்குப் போங்கள். தாலுகா வாரியான பட்டியல்கள், செலவுக் கணக்குகள், கிணறுகளின் எண்ணிக்கை அங்கேதான் அச்சாகி இருக்கும். பலரும் பதிலோடு நிறுத்திக்கொண்டு பின்னிணைப்பைத் தவறவிடுகிறார்கள்.

'லாபகரமானது அல்ல' என்ற பதிலும் அடிக்கடி வரும். இதற்குப் பின்னால் ஒரு கணக்கு இருந்தது. பாசன வேலைகளை இரண்டு பெரிய வகையாகப் பிரித்தார்கள். கட்டி முடித்த பத்து ஆண்டுகளுக்குள் போட்ட முதலின் வட்டியை ஈடுகட்டும் வருமானம் தரவேண்டியவை 'ப்ரொடக்டிவ்' (productive). வருமானத்துக்கு அல்லாமல் பஞ்சத்தைத் தடுப்பதற்காகக் கட்டுபவை 'ப்ரொடெக்டிவ்' (protective). ஆங்கில எழுத்தில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், ஸ்கேன் செய்த பக்கத்தில் ஒன்று மற்றொன்றாக மாறிப்போகும், கவனம். மழையை நம்பியிருக்கும் சிற்றேரி எந்த நாளும் வட்டிக் கணக்கில் தேறாது. காவிரிப் படுகைக்கும் கிருஷ்ணா, கோதாவரிப் படுகைகளுக்கும் கிடைத்த கவனம் வானம் பார்த்த தாலுகாக்களுக்குக் கிடைக்காமல் போனதற்கு இந்தக் கணக்கு ஒரு பெரிய காரணம் என்பது என் கருத்து. ஏரியைக் காப்பாற்ற ஆகும் செலவைத் தீர்வை வசூலால் மட்டுமே அளந்தார்கள். ஆடு மாடு குடித்த தண்ணீருக்கும் ஊர்க் கிணறுகளில் ஊறிய ஊற்றுக்கும் அந்தக் கணக்கில் இடமே இல்லை.

யார் கேட்கிறார்கள் என்பதையும் பாருங்கள். நிலவரி, வீட்டுவரி கட்டுகிறவர்களுக்கே ஓட்டு இருந்த காலம் அது. தஞ்சை மிராசுதார்களின் குரல் கனமாகக் கேட்கும். கடைமடைக் குத்தகைக்காரரின் குரல் யாரோ ஒருவர் வாய்வழியாக எப்போதாவது கேட்கும். கேள்வி இல்லை என்பதால் அந்த ஊரில் குறை இல்லை என்று முடிவு செய்துவிடாதீர்கள்.

ஐந்தாம் படி: பணத்தின் பக்கம்

1921 முதல் 1937 வரை இரட்டை ஆட்சி. இலாகாக்களை இரண்டாகப் பிரித்திருந்தார்கள். பாசனம், வாய்க்கால், நீர்த்தேக்கம் எல்லாம் ஒதுக்கப்பட்ட இலாகா, கவர்னரின் நிர்வாகக் குழு உறுப்பினர் கையில். 1923 முதல் 1928 வரை அந்தக் குழுவில் சட்ட இலாகா உறுப்பினராக இருந்த சி. பி. ராமசாமி ஐயர் சபையில் மேட்டூருக்காகப் பேசியது இந்தப் பொறுப்பில்தான். ஸ்தல சுயாட்சி, பொதுச் சுகாதாரம், சாலைகள், கட்டடங்கள் எல்லாம் மாற்றப்பட்ட இலாகா, மந்திரிகள் கையில். 1920 முதல் 1926 வரை ஸ்தல சுயாட்சி மந்திரி பனகல் அரசர். ஆகவே ஒரே ஊரில் ஏரித் தண்ணீருக்கு ஒருவர் பதில் சொல்வார், குடிதண்ணீருக்கு வேறொருவர் பதில் சொல்வார்.

இந்தப் பிரிவினை சபையின் பிடியையும் தீர்மானித்தது. மானியக் கோரிக்கையைச் சபை குறைக்கலாம், மறுக்கலாம். ஆனால் ஒதுக்கப்பட்ட இலாகா என்றால், அந்தப் பொறுப்பை நிறைவேற்ற இது அவசியம் என்று கவர்னர் சான்று கொடுத்துத் தொகையைத் திரும்பச் சேர்க்கலாம். பாசனத்தில் சபை போட்ட ஓட்டின் எடை இவ்வளவுதான். அதனால் ஒரு வெட்டு நிறைவேறியது என்று படித்தால் அங்கேயே முடிவு எழுதாமல், பின்னால் அந்தத் தொகை திரும்ப வந்ததா என்று பாருங்கள்.

'நூறு ரூபாய் குறைக்க வேண்டும்' என்று பிரேரணைகள் வரிசையாக வரும். லட்சக்கணக்கான ரூபாய்க் கோரிக்கையில் நூறு ரூபாய் எதற்கு என்று புதிதாகப் படிப்பவர்கள் குழம்புவார்கள். பணத்தைக் குறைப்பது அங்கே நோக்கம் அல்ல. குறையைப் பேசுவதற்கு விதி தந்த வாசல் அது. தூர்வாராத வாய்க்கால், தலைமடைக்கும் கடைமடைக்கும் நடக்கும் தகராறு, என்ஜினீயர்கள் ஊருக்கே வராதது எல்லாம் இந்த நூறு ரூபாய் வழியாகத்தான் சபைக்குள் நுழைந்தன. பெரும்பாலும் கடைசியில் பிரேரணையைத் திரும்பப் பெற்றுக்கொள்வார்கள். முடிவைவிட அதற்கு முந்தைய பேச்சுத்தான் நமக்கு வேண்டும். மானியக் கோரிக்கைகள் விவாதத்துக்கு வரும் மார்ச் மாதக் கூட்டங்களின் தொகுதிகளை முழுதாகப் படிக்கச் சொல்வது இதனால்தான்.

செலவழிந்த பிறகு கேட்கும் இடமும் இருந்தது. பொதுக் கணக்குக் குழு தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு, ஒதுக்கிய பணம் ஏன் செலவாகவில்லை, எஸ்டிமேட்டை ஏன் தாண்டியது என்று கேட்டது. வறண்ட நடையில் இருக்கும். பெரிய வேலைகளைத் தேடுகிறவர்கள் மட்டும் பார்த்தால் போதும்.

பெரிய வேலைகளில் சபைக்கு மேலே இன்னும் ஆட்கள் இருந்தார்கள். மேட்டூர்த் திட்டத்தை என்ஜினீயர் எல்லிஸ் 1910இல் தயாரித்துக் கொடுத்தார். மைசூரோடு வழக்கு இழுத்து, 1924 பிப்ரவரியில் ஒப்பந்தம் ஆகி, லண்டனில் இந்தியா மந்திரியின் ஒப்புதலும் வந்தபிறகே 1925 ஜூலையில் வேலை தொடங்கியது. 1934 ஆகஸ்டில் அணை திறக்கப்பட்டது. மேட்டூர் ஆராய்ச்சிக்கு வருகிறவர்கள் இந்த ஆண்டுகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் ஆறு மாதக் கூட்டங்களைப் பாருங்கள். மூழ்கிய ஊர்களின் இழப்பீடு, பழைய ஆயக்கட்டின் உரிமை, புதிய நிலத்துக்கான தண்ணீர்த் தீர்வை ஆகிய தலைப்புகளில் தேடுங்கள்.

ஆறாம் படி: தீர்மானத்திலிருந்து அரசாணைக்கு

சபையின் தீர்மானம் அரசாங்கத்துக்கு ஒரு சிபாரிசு மட்டுமே, கட்டளை அல்ல. ஏற்றால் அரசாணை வரும். ஏற்காவிட்டால் தொகுதியில் மட்டும் இருக்கும். ஆகவே ஒவ்வொரு தீர்மானத்துக்குப் பின்னாலும் அரசாணை எண்ணைத் தேடுங்கள். இதைப் பழக எனக்குத் தெரிந்த நல்ல உதாரணம், 1924இல் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்த தீர்மானம்.

பொதுத் தெரு, பொது வழி, பொது அலுவலகம், பொதுக் கிணறு, குளம் இவற்றைப் பயன்படுத்த எந்தச் சாதியாருக்கும் தடை இல்லை என்று அரசாங்கம் அறிவிக்க வேண்டும் என்பது அதன் சாரம். ஆகஸ்டில் சபையில் பேசப்பட்டது. அரசு ஏற்றுக்கொண்டது. ஸ்தல, நகராட்சி இலாகாவின் 2660ஆம் எண் அரசாணையாக 1924 செப்டம்பர் 25 அன்று வெளிவந்தது. இந்தப் பாதையைப் படிப்படியாக ஒருமுறை நீங்களே நடந்து பாருங்கள். விவாதத் தொகுதியில் பேச்சைப் படியுங்கள், அங்கிருந்து இலாகாவைக் குறியுங்கள், அந்த இலாகாவின் 1924ஆம் ஆண்டு அரசாணைப் பட்டியலில் எண்ணைப் பிடியுங்கள், பிறகு கோப்பைக் கேளுங்கள். வேறு எந்தத் தீர்மானத்துக்கும் இதே நடைதான்.

அதோடு நிறுத்தாதீர்கள். அரசாணைக்குப் பிந்தைய ஆண்டுகளின் கேள்விகளைப் பாருங்கள். ஆர். வீரையன் போன்ற உறுப்பினர்கள் இன்ன ஊரில் கிணற்றுக்குப் போகவிடாமல் தடுக்கிறார்களே, இன்ன தெருவில் நடக்கவிடுவதில்லையே என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காகிதத்தில் திறந்த கிணறு ஊரில் எத்தனை ஆண்டு மூடியே இருந்தது என்பது அந்தக் கேள்விகளில்தான் தெரியும். ஊர்க் குளத்தைப் பற்றிப் பெருமையாக எழுதும் பல கட்டுரைகளில் இது இருப்பதில்லை. அந்தக் குளத்தில் யார் குடம் வைக்க முடிந்தது, யார் தூரத்தில் நின்று யாராவது ஊற்றட்டும் என்று காத்திருந்தார்கள் என்று எழுதாமல் ஒரு குளத்தின் வரலாற்றை எழுத முடியும் என்று நான் நினைக்கவில்லை. தயவுசெய்து இந்தப் படியை விட்டுவிடாதீர்கள்.

ஏழாம் படி: கோப்பும் கரையும்

அரசாணை எண்ணோடு 'மிஸ்' அல்லது 'பிரஸ்' என்று ஒட்டியிருந்தால் அதையும் சேர்த்தே குறியுங்கள். அது இல்லாமல் சரியான கோப்பு வராது. 'பி.பி.' என்றால் ரெவின்யூ போர்டு நடவடிக்கை, அது தனி வரிசை. ஜமாபந்தி எனும் வருடாந்திர நிலவரிக் கணக்குகளில், ஜூலையில் தொடங்கும் பசலி ஆண்டு இருக்கும். பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு வரும். பசலி 1334 என்றால் 1924 ஜூலை முதல் 1925 ஜூன் வரை. பட்ஜெட் ஆண்டு ஏப்ரலில் தொடங்குவதால் இரண்டையும் ஒன்றாக எடுத்துக்கொண்டால் கணக்கு உதைக்கும். ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்பதும் நினைவில் இருக்கட்டும்.

ரயத்துவாரி ஏரி என்றால் இன்னொன்றையும் கேட்டுப் பாருங்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் என்று ஒன்றைத் தொடங்கினார்கள். ஒவ்வொரு ஏரியாக அளந்து, கரையின் நீளம், மதகுகள், கலிங்கின் மட்டம், ஆயக்கட்டு எல்லாவற்றையும் குறித்து ஏரிக்கு ஒரு குறிப்பேடு எழுதினார்கள். முன்பு பொதுப்பணித் துறையில் இருந்து இப்போது தனியாகிவிட்ட நீர்வளத் துறையின் உள்ளூர் அலுவலகத்தில் அது இருக்கிறதா என்று விசாரியுங்கள். கிடைத்தால், சட்டசபைக் கேள்வியில் உறுப்பினர் சொன்ன மதகு எது என்று அடையாளம் காண முடியும்.

குறிப்பு எடுக்கும்போது தொகுதி எண், கூட்ட நாள், பக்கம், கேள்வி எண், கேட்டவர் பெயர் ஐந்தையும் எழுதுங்கள். ஒன்று குறைந்தாலும் ஆறு மாதம் கழித்து நீங்களே அந்தப் பக்கத்தைத் திரும்பக் கண்டுபிடிக்க முடியாது. அப்புறம் அந்தக் கேள்வியைத் தமிழில் எழுதி, ஒரு பிரதியை ஊருக்கு எடுத்துப் போங்கள். கோடையில், தண்ணீர் இறங்கியிருக்கும்போது போவது நல்லது. கலிங்கிலிருந்து தொடங்கிக் கரைமேல் நடந்து ஒவ்வொரு மதகாகப் பாருங்கள், மதகுக் கல்லில் ஆண்டு வெட்டியிருந்தால் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கூட நீர்ப்பாய்ச்சி ஒருவர் வந்தால், மதகுக்கு ஊரில் என்ன பெயர் என்று அவரிடம் கேளுங்கள். கோப்பில் ஒன்று, இரண்டு என்று எண்தான் இருக்கும்.